ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு யார் பொறுப்பு? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் கூரைமேல் ஆள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் படர்ந்த பாசியைச் சுரண்டியாக வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும். பறக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்கிறது. நோய் வெளியே தெரிய 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

"கடையிலேயே விற்கிறார்கள், தடை இல்லையே" என்பதுதான் முதல் தவறு. விற்பது உண்மைதான். பிரிட்டன் 1999-ல் முழுதாகத் தடை செய்தது. குடியிருப்பின் பொது இடங்களில் ஆஸ்பெஸ்டாஸைக் கவனிக்க வேண்டியவர் யார் என்றும் அங்கே விதி இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் தனிச் சட்டம் இல்லாததால் பொறுப்பும் இல்லை என்றாகாது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இது இன்னும் சிக்கலாகிறது. பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. ஒருவர் டிஷ் ஆன்டெனாவுக்காக ஷீட்டில் துளை போட்டால் தூசி பத்து வீட்டிலும் இறங்கும். ஒழுகினால் குடியிருப்பவர்களே காசு சேர்த்து ஷீட் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் சுமக்க வேண்டிய செலவே இல்லை. தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவதும் அதைப் பராமரிப்பதும் எஸ்டேட் முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தோட்டத் தொழிலாளிக்கு வீட்டு வசதி இடம்பெற்றிருக்கிறது. தொழிற்சங்கம் வழியாகவோ நேராகவோ, எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

மலைக்குக் கீழே கூடலூர், கம்பம் பக்கம் வாடகை வீடுகளில் வேறு கதை. உடைந்த ஷீட்டுக்குக் கீழே பிவிசி சீலிங் அடித்து மறைத்து வாடகைக்கு விடுகிறார்கள். தனக்குத் தெரிந்த, குடிவருபவர் கண்ணில் படாத பெரிய குறையைச் சொல்லிவிட வேண்டியது உரிமையாளரின் கடமை என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டமைப்புப் பழுதும் அவர் பொறுப்புதான். அடுக்குமாடி என்றால் பொதுக் கூரை எல்லோருக்கும் சொந்தம், செலவும் எல்லோருக்கும். மேல்தளத்துக்காரர் தலையில் கட்டக் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பழைய ஷீட்டை என்ன செய்கிறோம் என்பதுதான். சுத்தியலால் உடைத்து மலைச்சாலை ஓரத்தில் தள்ளுகிறோம், இல்லையென்றால் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். கட்டடக் கழிவை உண்டாக்கியவரே அதற்குப் பொறுப்பு, சாலையிலும் வடிகாலிலும் போடக் கூடாது என்று 2016-லேயே விதி வந்தது. மாநில எல்லை தாண்டிக் கொட்டினாலும் பொறுப்பு நம்மை விடாது. ஷீட்டை முதலில் நன்றாக நனையுங்கள். போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்குங்கள். கனமான பாலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கேளுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். கூரை ஏறுபவருக்குத் துண்டு போதாது. நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க்கை வேலை கொடுப்பவரே வாங்கித் தர வேண்டும். அவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதபடி, மாற்றுத் துணியும் குளிக்கத் தண்ணீரும் அங்கேயே கொடுங்கள்.