கன்சோல் மாற்றும்போது கீபோர்டு செத்துவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்கு (எழுத்துகள் மட்டும் தெரியும் திரைக்கு) போவதும் திரும்பி வருவதும் சாதாரண வேலைதான். நடுவில் கீபோர்டு உறைந்துவிட்டால் புதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்துகள். ஒயர் கழன்றிருக்கிறதா, லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டுமா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேப்ஸ் லாக் விளக்கை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

டெக்ஸ்ட் கன்சோலில் அந்த விளக்கை எரியவிடுவது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. எக்ஸ் சர்வர் (திரையையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்ளும் நிரல்) ஓடும் கிராபிக்ஸ் திரையில் அது அதன் வேலை. அங்கே விளக்கு மாறவில்லை என்றால் பெரும்பாலும் எக்ஸ் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான்; கணினியே செத்துவிட்டது என்று பொருளில்லை. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையும் கட்டளை) போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே விடும்.

எடுத்த எடுப்பில் கில் -9

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வரத் தெரிந்தவர்கள்கூட, வந்ததும் எக்ஸோர்க் (எக்ஸ் சர்வர் நிரலின் பெயர்) மீது கில் -9, அதாவது உடனே கொல்லும் கட்டளை, அடிக்கிறார்கள்.

எக்ஸ் தொடங்கும்போது தன் கன்சோலை கிராபிக்ஸ் நிலைக்கு மாற்றும். அந்தக் கன்சோலில் கெர்னல் விசைகளைக் கையாள்வதையும் நிறுத்திவைக்கும். அதற்குப் பிறகு விசைகளை நேரடியாகப் படிப்பது எக்ஸ்தான். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால்கூட, அதைப் புரிந்துகொண்டு கன்சோலை மாற்றச் சொல்லிக் கெர்னலிடம் கேட்பதும் எக்ஸே. முறையாக மூடினால் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போகும். -9 அதற்கு அவகாசமே தராது. குடியிருந்தவர் வீட்டைப் பூட்டிச் சாவியோடு ஓடிப்போன மாதிரி ஆகிவிடும். செஷனை சிஸ்டம்டி-லாகின்ட் (லாகின்களைக் கண்காணிக்கும் சேவை) கவனித்துக்கொண்டிருந்தால் அதுவே மீட்டுக் கொடுப்பதுண்டு. எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி, டிஸ்ப்ளே மேனேஜர் (லாகின் திரையைக் காட்டும் நிரல்) இல்லாத ஒரு பழைய இயந்திரத்தில் இதைச் செய்தான். எக்ஸ் போய்விட்டது, ஆனால் திரையில் பழைய படம் அப்படியே நின்றது. எந்த விசைக்கும் அசைவில்லை. கெர்னலே தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். பின்னணியில் இரவெல்லாம் ஓடிய டேட்டாபேஸ் இம்போர்ட் பாதியில் போயிற்று. இத்தனைக்கும் அவனுடைய எஸ்எஸ்எச் சாளரம் கண்முன்னே திறந்துதான் இருந்தது. கெர்னல் செத்திருந்தால் அது எப்படி வேலை செய்யும்?

சரி, எப்படிச் செய்வது? ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) முதலில் சிஎச்விடி 3 (chvt 3), அதாவது கன்சோல் 3-க்கு மாற்றும் கட்டளை. அந்தக் கட்டளை திரும்பாமல் நின்றால், கன்சோலை விட்டுக்கொடு என்று கெர்னல் கேட்டதற்கு எக்ஸ் பதில் சொல்லவில்லை என்று பொருள். அப்புறம் வெறும் கில், அதாவது டெர்ம் சிக்னல். கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் -9. அடித்த கையோடு, கீபோர்டு நிலையை மாற்றும் கேபிடி_மோட் (kbd_mode) கட்டளைக்கு -எஃப், -யு கொடுத்து, பெரிய எழுத்து -சியில் எக்ஸ் இருந்த டிடிஒய்யை (tty, அந்தக் கன்சோல்) காட்டுங்கள். பிறகு மறுபடி சிஎச்விடி.

சிஸ்ரெக் கைகொடுக்கும் என்று சும்மா இருப்பது

ஆல்ட்-சிஸ்ரெக்-ஆர் (சிஸ்ரெக் பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான்) அழுத்தினால் கெர்னல் கீபோர்டைத் திரும்பத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்எச் இல்லாத நேரத்தில் அருமையான வழி. ஆனால் எந்தெந்த சிஸ்ரெக் வேலைக்கு அனுமதி என்று சொல்லும் கெர்னல்.சிஸ்ரெக் மதிப்பு உபுண்டுவில் இயல்பாக 176. அதாவது 128, 32, 16 ஆகிய மூன்றின் கூட்டு: ரீபூட், டிஸ்க்கைப் படிக்க மட்டும் என மாற்றுவது, சிங்க் (எழுதாமல் நிற்கும் தரவை டிஸ்க்கில் எழுதுவது). கீபோர்டுக்கான 4 அதில் இல்லை. எனவே ஆர் வேலை செய்யாது. சிக்கல் வருவதற்கு முன்பே 180 ஆக்கி வையுங்கள். கணினிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் உட்காரும் பொது இடமென்றால் யோசித்துச் செய்யுங்கள்.

ஒட்டிக்கொண்ட ஆல்ட்

விசையை அழுத்தியது ஒரு கன்சோலில், விட்டது இன்னொன்றில். திரும்பி வந்ததும் எந்த எழுத்தும் சரியாக விழாது. இரண்டு பக்கத்து கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

கண்ட்ரோல்-எஸ்

தவறுதலாக இதை அழுத்தினால் டெர்மினலில் எழுத்து வருவது நின்றுவிடும், கீபோர்டு செத்த மாதிரி தோன்றும். மருந்து: கண்ட்ரோல்-க்யூ.

எக்ஸ் நன்றாக ஓடும்போதே கேபிடி_மோட்

வேண்டாம். நீங்கள் அடிக்கும் எழுத்துகள் அடியில் இருக்கும் டிடிஒய்க்கும் போய்ச் சேரும். எடிட்டரில் காப்பி எடுக்க கண்ட்ரோல்-சி அழுத்துவீர்கள், எக்ஸே மூடிக்கொள்ளக்கூடும்.