டெக்ஸா ரிப்போர்ட்டில் எலும்பு அடர்த்தி குறைவா? மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

எக்ஸ்ரே மூலம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகச் சிவப்புப் பட்டையில் உள்ள புள்ளிக்குத்தான் போகும். அடுத்த வேலை கால்சியம் மாத்திரை வாங்குவது. இரண்டுக்கும் நடுவே விட்டுப்போகும் கேள்வி: எலும்பு ஏன் குறைந்தது? ஸ்கேன் அதைச் சொல்லாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

முதலில், எடுத்தது டெக்ஸாதானா என்று பாருங்கள். இலவச முகாம்களில் குதிகாலை வைத்து அளப்பது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த எல்லைகளை அந்த எண்ணோடு பொருத்தக் கூடாது.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் டி-ஸ்கோர்தான் கணக்கு; ஆரோக்கியமான இளவயதினரின் அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்பதே அது. -1 வரை இயல்பு, -1-க்கும் -2.5-க்கும் இடையில் அடர்த்தி குறைவு, -2.5-ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்புப்புரை. வயது அதைவிடக் குறைவு என்றால், சம வயதினரோடு ஒப்பிடும் இஸட்-ஸ்கோரைப் பாருங்கள். அது -2 அல்லது அதற்கும் கீழே இருந்தால் வயதுக்கு ஏற்ற எலும்பு இல்லை என்று பொருள்; பின்னால் வேறு நோய் இருக்கிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். 35 வயதுப் பெண்ணின் டி-ஸ்கோரை மட்டும் பார்த்து எலும்புப்புரை என்று எழுதித் தருவது தவறு. இன்னொன்று: ஸ்கேன் எலும்பின் பருமனை அளப்பதில்லை, தட்டையான நிழலைத்தான் அளக்கிறது. அதனால் குள்ளமான, சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு எலும்பு நன்றாக இருந்தாலும் எண் கொஞ்சம் குறைவாகவே வரும்.

எண்ணை நம்புவதற்கு முன் படத்தைப் பாருங்கள். இடுப்பு முதுகெலும்பில் எல்1 முதல் எல்4 வரை நான்கு கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தின் டி-ஸ்கோர் பக்கத்துக் கட்டத்திலிருந்து 1-க்கு மேல் விலகினால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குறைந்தது இரண்டு கட்டங்களாவது மிச்சம் இருக்க வேண்டும். நசுங்கிய முள்ளெலும்பு, தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முனை, சுண்ணாம்பு படிந்த பெருந்தமனி மூன்றுமே எண்ணைப் பொய்யாக உயர்த்தும். அதனால் வயதானவர்களுக்கு முதுகைவிட இடுப்பு மூட்டின் அளவையே நம்பலாம். அரைஞாண் கொடி, சேஃப்டி பின், கொக்கி எல்லாம் கழற்றப்பட்டதா? காலையில் விழுங்கிய கால்சியம் மாத்திரை கரையாமல் குடலில் கிடந்தால் முள்ளெலும்பின் மேல் வெள்ளைப் பொட்டாக விழும். 24 மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: எலும்பில் ஃபுளோரைடு படியும் ஃபுளோரோசிஸில் அடர்த்தி கூடுதலாகத் தெரியும், எலும்பு உறுதியாக இருக்காது.

படம் சரி என்றால் வீட்டிலுள்ள மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல், மூன்று மாதம் போனாலே கணக்கில் எடுக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று விற்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது, அதையும் கேளுங்கள். தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் அளவு கூடி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடியோடு இறங்கியிருந்தால் எலும்பு கரையும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயினும் ஃபினோபார்பிட்டோனும் வைட்டமின் டியைக் கல்லீரலில் வேகமாகச் சிதைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி இரண்டும் பட்டியலில் உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டையோ வலிப்பு மருந்தையோ திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

45 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றதா, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று எழுதி வையுங்கள். இளவயது உயரத்திலிருந்து 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலியே இல்லாமல் நசுங்கும் எலும்புகள் உண்டு. முன்பு அளவாக இருந்த நைட்டி தரையில் புரள்வதுதான் பலருக்கு முதல் அடையாளம்.

ரத்தப் பரிசோதனைகளை ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது: கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தக் கால்சியத்தைக் கூட்டுவது), டி.எஸ்.எச்., முழு ரத்த எண்ணிக்கை, இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்). ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் சேரும். ரத்தசோகையும் முதுகுவலியும் உயர்ந்த இ.எஸ்.ஆரும் சேர்ந்து வந்தால் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மயலோமா இல்லை என்று உறுதி செய்ய, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் புரத எலக்ட்ரோபோரெசிஸ் வேண்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் முன்பே சொல்லிவிடுங்கள். அது ஹார்மோன் அளவுகளைக் குழப்பும்.

அல்புமின் 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு 1 கிராம் குறைவுக்கும் கால்சியத்தோடு 0.8 மி.கி. கூட்டிக்கொள்ளுங்கள் (இரண்டும் டெசிலிட்டர் கணக்கு). கால்சியம் 9.9, அல்புமின் 3 என்றால் உண்மையான அளவு 10.7. ரிப்போர்ட்டில் இயல்பாகத் தெரிந்தது உண்மையில் அதிகம். அதோடு பாராதைராய்டு ஹார்மோனும் இறங்காமல் இருந்தால் அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கலாம். அப்போது முன்கை எலும்பையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அங்கேதான் இழப்பு அதிகம்.

நம் ஊரில் மிகவும் கவனிக்க வேண்டியது ஆஸ்டியோமலேசியா. இதில் எலும்பின் சட்டகம் இருக்கிறது, அதில் தாது ஏறவில்லை. ஸ்கேனில் இதுவும் எலும்புப்புரையும் ஒன்றுபோலவே தெரியும். ஆளைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர் முதலில் முழங்காலில் கை ஊன்றி, பிறகு தொடையைப் பிடித்து, உடலைத் தூக்கித்தான் எழுவார். கெண்டைக்கால் முன்னெலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்து, பாஸ்பரஸோ கால்சியமோ இறங்கி, வைட்டமின் டி மிகவும் குறைந்திருக்கும். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருப்பது மட்டும் போதாது. அது இங்கே ஏராளமானோருக்கு உண்டு. மற்றவையும் சேர வேண்டும். இவருக்குக் குறையைச் சரிசெய்யாமல், எலும்புப்புரைக்குப் போடும் சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாப் ஊசியோ போட்டால் ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு விழும். வைட்டமின் டியும் கால்சியமும் ஒழுங்காகக் கொடுத்தாலே எலும்பு அடர்த்தி கணிசமாக ஏறும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை வழக்கமாக வாரம் ஒன்றாக 8 வாரம் தருவார்கள். சீட்டைத் தவறாகப் படித்துத் தினமும் சாப்பிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் முடியும்.

மறு ஸ்கேனை ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். டி-ஸ்கோரை அல்ல, கிராம் அளவை ஒப்பிடுங்கள். 0.800 இருந்தது 0.780 ஆனால் 2.5 சதவீதம்தான் மாற்றம். ஒரே நாளில் இரண்டு முறை அளந்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரக்கூடும். அந்த மையம் தன் கருவிக்குக் கணக்கிட்டு வைத்திருக்கும் பிழை எல்லையைக் கேளுங்கள். அது முதுகுக்கு 5.3 சதவீதத்தையும் இடுப்பு மூட்டுக்கு 5 சதவீதத்தையும் தாண்டினால் அளப்பவருக்கே மறுபயிற்சி வேண்டும் என்பது விதி.