கிரியாட்டினின் 1.4 தானே என்று விட்டுவிடாதீர்கள்: செஃபிபைம் டோஸ் போடும் முறை

வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் இது. நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக் ஏறுகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் நான்காம் நாள் நோயாளி ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிறார். "வயசாயிடுச்சு, ஐசியு குழப்பம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவது ரொம்ப சுலபம். ஆனால் காரணம் அந்த செஃபிபைமாகவே இருக்கலாம்.

உடலில் சேரும் செஃபிபைமில் சுமார் 85 சதவீதம் அப்படியே கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி நன்றாக இருந்தால் அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் அளவு பாதியாகக் குறையும் நேரம்) 2 மணி நேரம். ஹீமோடயாலிசிஸ் நோயாளிக்கு 13 மணி நேரத்தைத் தாண்டும். தேங்கும் மருந்து மூளைக்குள் போய், நரம்புகளுக்கு பிரேக் போடும் காபா ஏற்பிகளைத் தடுக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஜூனில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. உடல் இழுக்காமலே மூளைக்குள் ஓடும் வலிப்பு பற்றியது அது. அதில் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிட்னி பழுதுள்ளவர்கள், டோஸ் குறைக்கப்படாதவர்கள்.

படி 1: கணக்குப் போடுங்கள்

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவு. அதை கிட்னி எவ்வளவு வேகமாகச் சுத்திகரிக்கிறது (கிளியரன்ஸ்) என்று மதிப்பிட காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம்: 140இல் இருந்து வயதைக் கழித்து, எடையால் (கிலோ) பெருக்கி, அதை (72 × கிரியாட்டினின், மி.கி./டெ.லி.) ஆல் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85 ஆல் பெருக்க வேண்டும்.

72 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ, கிரியாட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். 68 × 45 = 3060. அதை 100.8 ஆல் வகுத்தால் 30.4. 0.85 ஆல் பெருக்கினால் சுமார் 26 மி.லி./நிமிடம். ரிப்போர்ட்டில் 1.4 என்பது லேசாகக் கூடியது போலத்தான் தெரியும். தசை குறைந்த மெலிந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால் அந்த எண் நம்மை ஏமாற்றும்.

படி 2: அந்த எண்ணை நம்பலாமா?

கிரியாட்டினின் நிலையாக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். நேற்று 1.0, இன்று 1.9, சிறுநீரும் குறைகிறது என்றால், உண்மையான கிளியரன்ஸ் கணக்கில் வருவதைவிட மிகவும் கீழே இருக்கும். அப்போது சிறுநீர் அளவைப் பாருங்கள், சீனியரைக் கேளுங்கள்.

படி 3: டோஸ்

வழக்கமாக 12 மணி நேரத்துக்கு 2 கிராம் கொடுக்கும் இடத்தில், கிளியரன்ஸ் (மி.லி./நிமிடம்):

- 30 முதல் 60 வரை: 24 மணி நேரத்துக்கு 2 கிராம்
- 11 முதல் 29 வரை: 24 மணி நேரத்துக்கு 1 கிராம்
- 11க்குக் கீழே: 24 மணி நேரத்துக்கு 500 மி.கி.

நம் பாட்டிக்கு நாளைக்கு 4 கிராமுக்குப் பதில் 1 கிராம். ஆனால் முதல் டோஸைக் குறைக்காதீர்கள். செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) அது முழுதாகப் போயே ஆக வேண்டும். டயாலிசிஸ் நாளில் மருந்தை டயாலிசிஸ் முடிந்தபின் கொடுங்கள். இன்னொன்று, செஃபிபைம்-டாசோபாக்டம் போன்ற கூட்டு மருந்துகளும் புழக்கத்தில் உண்டு. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது, லேபிளைப் படியுங்கள்.

படி 4: தினமும் இரண்டு நிமிடம்

மருந்து தொடங்கும் நாளிலேயே நோயாளியின் தெளிவைக் குறித்து வையுங்கள்: பெயர், இடம், நாள் சொல்கிறாரா என்று. நாளை ஒப்பிட அதுதான் ஆதாரம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், நான்காம் நாளை ஒட்டி அறிகுறி தலைகாட்டும். தூக்கக் கலக்கம், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கை அல்லது முகம் திடீர் திடீரென வெட்டித் துள்ளுவது. என்னைக் கேட்டால், இந்தத் துள்ளல்தான் முதலில் சந்தேகத்தை எழுப்ப வேண்டியது. "குளிருது போல" என்று உறவினர்கள் போர்வை போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள்.

டோஸ் சரியாகக் குறைத்தவர்களுக்கும் இது வருவதுண்டு. "டோஸ் சரிதானே" என்று சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

படி 5: சந்தேகம் வந்தால்

முதலில் சர்க்கரை, சோடியம், யூரியா. பக்கவாதம் போல் தெரிந்தால் சிடி ஸ்கேன். அப்புறம் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு); அமைதியாகப் படுத்திருப்பவருக்குள் ஓடும் வலிப்பு அதில்தான் தெரியும். இ.இ.ஜி. வசதி இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தத் தாமதிக்க வேண்டாம். சீனியரிடம் சொல்லி, தொற்றுக்கு ஏற்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். வலிப்பு இருந்தால் லோரசெபாம் போன்ற பென்சோடயசெபின், நிலை மோசமென்றால் டயாலிசிஸ்.

மாற்றும்போது ஒரு பொறி உண்டு. இமிபெனெமும் கிட்னி பழுதில் வலிப்பைத் தூண்டக்கூடியது, அதற்கு மாற வேண்டாம். மெரோபெனெம் என்றால் அதற்கும் கிளியரன்ஸ்படிதான் டோஸ். வலிப்புக்கு யாராவது வால்ப்ரோயேட் எழுதியிருந்தால், மெரோபெனெம் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவைச் சரசரவென்று இறக்கிவிடும். வேறு வலிப்பு மருந்தைக் கேளுங்கள்.

நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "செஃபிபைம் அலர்ஜி" என்று எழுதாமல், எந்த டோஸில், எந்த கிளியரன்ஸில், எத்தனையாவது நாளில் குழப்பம் வந்தது என்று எழுதுங்கள்.