சீனியர் புரோகிராமர்களைப் பர்ன்அவுட்டில் தள்ளும் தவறுகள்

பர்ன்அவுட் என்றால் வேலையாலேயே உள்ளுக்குள் தீர்ந்துபோவது. நன்றாகத் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அது உங்களுக்கே தெரியும். பத்து வருஷம் கோடிங் செய்துவிட்டு இப்போதுதான் சீனியர் ஆனவர்கள், நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்து எழுதுகிறேன்.

வெறும் களைப்பு என்று நினைப்பது

உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை; வேலையோடு தொடர்புடைய நிலை என்றே சேர்த்தது. அடையாளங்கள் மூன்று: தெம்பு வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் ஏளனமும் வருவது, திறன் குறைவது. நான் பார்த்தவரை சீனியர்களிடம் இரண்டாவதுதான் முதலில் தலைகாட்டும். மற்றவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் பொறுமையாக விளக்கம் எழுதியவர், திறந்துகூடப் பார்க்காமல் அப்ரூவ் அடிப்பார். டிசைன் மீட்டிங்கில் யார் எதைச் சொன்னாலும் "இதெல்லாம் பார்த்தாச்சு" என்பார். கேட்டால், அனுபவமாம்!

"எனக்கு மட்டும்தான் தெரியும்" என்ற பெருமை

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் மாதக் கடைசியில் ஓடும் கணக்குச் சரிபார்ப்பு ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) ஒன்று இருந்தது. ஒரு சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், இன்னொன்று உள்ளூர் நேரத்தில். நள்ளிரவை ஒட்டிய பரிவர்த்தனைகள் இரண்டு பக்கமும் வேறு வேறு தேதியில் விழும், ஜாப் நின்றுவிடும். இவர் தூக்கத்திலிருந்து எழுந்து, டேட்டாபேஸில் கையாலேயே தேதிகளைத் திருத்தி, மறுபடி ஓட்டுவார். காலையில் குரூப் முழுக்கக் கைதட்டல் எமோஜி.

இரண்டையும் யூடிசிக்கு மாற்றுவது ஒரு வார வேலை. அதை அவர் கேட்கவில்லை, மேனேஜரும் தரவில்லை. ஏன் தருவார்? காலையில் அவர் பார்க்கும்போது எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது! லீவில் போனாலும் லேப்டாப் கூடவே போகும். வேறு டீமுக்கு மாற்றல் கேட்டபோது, "நீ போயிட்டா இதை யார் பார்க்கிறது?" என்று நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் வேலையையே விட்டுவிட்டார். அதன்பிறகு அதே ஒரு வாரம் கிடைத்தது, வேறு இரண்டு பேருக்கு.

கூகுளில் சிஸ்டங்கள் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ டீம்களில் டிக்கெட் (பதிவான கோரிக்கை), ஆன்-கால் (அழைத்தால் உடனே வர வேண்டிய முறை) போன்ற பராமரிப்பு வேலைகள் நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பே உண்டு. உங்கள் இடத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், கையால் சரிசெய்த ஒவ்வொரு முறையும், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதோடு டிக்கெட் போடுங்கள். அடுத்த தடவை கீபோர்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ, ரன்புக்கில் (என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பேட்டில்) அங்கேதான் ஒரு வரி குறைகிறது.

புது ஃபிரேம்வொர்க் படித்தால் சரியாகும்

ஆகாது.

அலுத்தவுடன் மேனேஜர் ஆவது

கோடிங் பிடிக்கவில்லை என்பதால் மனிதர்களைப் பிடித்துவிடாது.

எது உதைக்கிறது என்று பார்க்காமல் ராஜினாமா

பர்ன்அவுட் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, சுதந்திரம், அங்கீகாரம், சக ஊழியர்கள், நியாயம், விழுமியங்கள். ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் ஆறுக்கும் ஒவ்வொரு வரி எழுதிப் பாருங்கள். பளு மட்டும்தான் என்றால் உள்ளேயே பேசித் தீர்க்க வழியுண்டு. நியாயமும் விழுமியமும் உதைத்தால் ரெஸ்யூமைத் தூசி தட்ட வேண்டியதுதான்.