ஸ்கெல்டே ஆற்றோரம் ஓடப் பழகுவது: ஃபிளாண்டர்ஸ் கிராமப்புறத்தில் பாதை, காற்று, பாலக் கணக்கு

பெல்ஜியத்தின் வடபாதியான ஃபிளாண்டர்ஸ் கிட்டத்தட்டத் தட்டை நாடு. ஆற்றங்கரைப் பாதையில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. பாலத்தடியிலும் மதகருகிலும் சின்ன ஏற்றம், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு "சுலபம்" என்று கிளம்புகிறவர்களை இரண்டு விஷயங்கள் பிடித்துக்கொள்ளும். ஒன்று எதிர்காற்று. மற்றது, பாலங்களுக்கு நடுவே உள்ள தூரம். இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டால் மீதி எல்லாம் சாதாரண ஓட்டப் பயிற்சிதான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஸ்கெல்டே ஆறு. ஆங்கில வரைபடங்களில் ஷெல்ட், பிரெஞ்சில் எஸ்கோ. வட பிரான்சில் தோன்றி, ஔடெனார்டே, கென்ட், டெண்டர்மோண்டே, ஆன்ட்வெர்ப் வழியாக நெதர்லாந்துக்குள் போய்க் கடலில் சேர்கிறது. நீளம் சுமார் 350 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு இது இரண்டு ஆறுகள் மாதிரி. கென்ட்டுக்கு மேலே இருப்பது மேல் ஸ்கெல்டே: மதகுகள் கட்டிய, நிதானமான நீர். கென்ட்டுக்குக் கீழே கடல் ஸ்கெல்டே: கடலிலிருந்து 160 கி.மீ. உள்ளே வந்தும் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம், ஏறி இறங்கும். மேலே பாதை தண்ணீரை ஒட்டிப் போகும். கீழே உயரமான கரைமேட்டின் முதுகில் போகும்.

இந்தப் பாதைக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் யாக்பாட். இயந்திரப் படகுகள் வருவதற்கு முன் குதிரைகளும் ஆட்களும் கரையில் நடந்தபடியே சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த பாதை. இழுக்கும் கயிறு எங்கேயும் சிக்கக்கூடாது என்பதால் பாதை அறுபடாமல் நீளமாகப் போகிறது. இன்று பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பராமரிப்பது ஃபிளெமிஷ் நீர்வழி நிறுவனம்.

படி 1: திரும்பும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நகரப் பூங்காவில் களைத்துவிட்டால் குறுக்கே வந்து வெளியேறலாம். ஆற்றோரம் அது முடியாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புல்வெளியும் வாய்க்காலும் வேலியும். அடுத்த பாலம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆறு வளைவதால் வரைபடத்தில் "அதோ அந்தத் தேவாலயக் கோபுரம்" என்று தெரிவது, ஓடும்போது ஒன்றரை மடங்கு தூரமாகிவிடும்.

ஆகவே திட்டம் போடும் வரிசை இப்படி:

1. வெளியேறும் வழிகளை வரைபடத்தில் குறியுங்கள்: பாலம், படகுத்துறை, ரயில் நிலையம்.
2. அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பாதை வழியாக அளவிடுங்கள், நேர்கோட்டில் அல்ல.
3. உங்களால் இப்போது முடியும் தூரத்தில் பாதியைத் திரும்பும் புள்ளியாக வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதைத் தாண்டாதீர்கள். திரும்பும் தூரமும் கூடும்.

அளக்க உதவுவது எண் முனைகள். ஃபிளாண்டர்ஸ் முழுக்கச் சந்திப்புகளுக்கு எண் போட்டு, ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். 1990களில் பெல்ஜிய லிம்பர்க் மாகாணத்தில் சைக்கிளுக்காகத் தொடங்கிய முறை இது. யோசனை ஹூகோ போலென் என்ற சுரங்கப் பொறியாளருடையது. போக வேண்டிய எண்களை வரிசையாகத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் வழி தவறாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: சைக்கிள் முனைகளும் நடை முனைகளும் தனித்தனி வலைகள். ஒரே ஊரில் இரண்டிலும் 14 என்ற எண் இருக்கலாம். பலகையில் இருப்பது சைக்கிள் படமா, நடப்பவர் படமா என்று பார்த்த பிறகே திரும்புங்கள். புதியவர்கள் வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: காற்றைப் பார்த்துத் திசை முடிவு செய்யுங்கள்

இங்கே அடிக்கடி வீசுவது தென்மேற்குக் காற்று. மரமில்லாத கரைமேட்டில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. போய்த் திரும்பும் ஓட்டமானால் எதிர்காற்றில் தொடங்குங்கள். பின்காற்றில் தொடங்கினால் முதல் பாதி மிதப்பது போல இருக்கும், வேகமும் தானாகக் கூடும். திரும்பும்போது களைத்த கால், வியர்வையில் நனைந்த சட்டை, முகத்தில் குளிர்காற்று. ரயிலில் போய் ஒருவழியாக ஓடுவதானால் கணக்கு தலைகீழ்: பின்காற்று முதுகைத் தள்ளும்படி ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

வானிலை அறிக்கையில் காற்றின் வலிமை பெரும்பாலும் போஃபர்ட் எண்ணில் வரும். 3 என்றால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ., பரவாயில்லை. 4 என்றால் 20 முதல் 28. புதியவருக்கு வேகம் குறையும், குறையட்டும். 5க்கு மேல் போனால் கரைமேட்டை விட்டுவிட்டு மரங்களுள்ள பாதைக்குப் போங்கள். எதிர்காற்றில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விரட்டவே கூடாது. முழு வாக்கியம் பேசக்கூடிய அளவுக்கு மூச்சு இருந்தால் அதுதான் சரியான வேகம்.

படி 3: பத்து வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 5 நிமிட நடை.

- 1, 2ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
- 3, 4ஆம் வாரம்: 2 ஓட்டம், 2 நடை, 6 முறை
- 5, 6ஆம் வாரம்: 4 ஓட்டம், 2 நடை, 4 முறை
- 7ஆம் வாரம்: 7 ஓட்டம், 2 நடை, 3 முறை
- 8ஆம் வாரம்: 10 ஓட்டம், 2 நடை, 2 முறை
- 9ஆம் வாரம்: 15 ஓட்டம், 1 நடை, 2 முறை
- 10ஆம் வாரம்: நிற்காமல் 30 நிமிடம்

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். இதய நோயோ நீண்டநாள் மருந்தோ இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

தட்டைப் பாதைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: முன்கால் எலும்பு வலி. மேடுபள்ளத்தில் ஒவ்வொரு அடியும் சற்று வேறுபடுவதால் சுமை பல தசைகளுக்குப் பிரியும். யாக்பாட்டில் ஆயிரக்கணக்கான அடிகளும் ஒரே மாதிரி, அதுவும் கெட்டியான கான்கிரீட்டில். மூன்றாவது, நான்காவது வாரத்தில் கெண்டைக்கால் முன்புறம் கடுக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீரென்று வலித்தால் ஓட்டத்தை விட்டு மருத்துவரிடம் போங்கள். முன்னெச்சரிக்கையாக வாரத்தில் ஒரு நாளை மரத்தூள் பாதைக்கு மாற்றுங்கள். இதை இங்கே ஃபின்ஸே பிஸ்டே, அதாவது ஃபின்லாந்துப் பாதை என்கிறார்கள்: மரச்சீவல் கொட்டிய, மெத்தென்ற ஓட்டப்பாதை. பல ஊர்களில் இருக்கிறது; கென்ட்டில் பிளார்மேர்சென் பூங்காவில் ஓடலாம்.

படி 4: உடுப்பும் கையிலிருப்பும்

வெப்பமானி காட்டுவதைவிட 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்ததும் காற்றில் உடம்பை உறைய வைக்கும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று ஆண்டு முழுதும் பயன்படும். காலணி மெத்தையுள்ள சாலை ஓட்டக் காலணியே போதும். அடியில் ஆழமான பற்கள் கொண்ட காட்டுப்பாதைக் காலணி கான்கிரீட்டில் வீண்.

யாக்பாட்டில் பெரும்பாலும் விளக்கு கிடையாது. டிசம்பரில் மாலை 4.40 வாக்கில் சூரியன் மறையும், காலையில் 8.40 வரை உதிக்காது. வேலை முடிந்து ஓடுகிறவர் நெற்றி விளக்கும் ஒளிரும் மேலுடுப்பும் இல்லாமல் போகக்கூடாது. ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம்.

வழியில் குடிநீர்க் குழாயை எதிர்பார்க்காதீர்கள். 45 நிமிடத்தைத் தாண்டினால் அரை லிட்டர் கொண்டுபோங்கள். கைபேசி, அடையாள அட்டை, ரயிலுக்குப் பணம். அவசர எண் 112; பாலத்தின் பெயரையோ அருகிலுள்ள முனை எண்ணையோ சொன்னால் இடம் காட்ட எளிது.

படி 5: பாதையில் யாருக்கு எப்படி வழிவிடுவது

இது சைக்கிள் நாடு. ஔடெனார்டேயில்தான் 2012 முதல் ஃபிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம் முடிகிறது. ஞாயிறு காலையில் மேல் ஸ்கெல்டே கரையில் பத்து இருபது பேராகக் கூட்டம் கூட்டமாகப் பறந்து வருவார்கள். வலப்பக்க ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, நேராக ஓடுங்கள். மணியோ கூவலோ கேட்டால் திரும்பிப் பார்த்தபடி நடுவுக்கு நகர்வதுதான் மோதலுக்குக் காரணம். இருந்த கோட்டிலேயே இருங்கள், அவர்கள் சுற்றிப் போவார்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். திரும்ப வேண்டுமானால் முதலில் நில்லுங்கள், பின்னால் பாருங்கள், பிறகு திரும்புங்கள். எப்போதாவது டிராக்டரோ பராமரிப்பு வண்டியோ வரும், புல் ஓரத்துக்கு இறங்கிவிடுங்கள். நீளமான புல்லில் நின்றிருந்தால் வீட்டுக்குப் போனதும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: பாதைகள், இந்த வரிசையில்

முதல் சில வாரங்களுக்கு: கென்ட்டின் வாட்டர்ஸ்போர்ட்பான். 1955 ஐரோப்பியத் துடுப்புப் படகுப் போட்டிக்காகத் தோண்டிய நேர்கோட்டு நீர்ப்பரப்பு. சுற்றி வந்தால் சுமார் 5 கி.மீ. கிராமம் அல்ல, அழகும் சுமார்தான்; ஆனால் எதிர்காற்றும் பின்காற்றும் ஒரே சுற்றில் பழகிவிடும். ஃபின்ஸே பிஸ்டேயும் பக்கத்திலேயே.

எட்டு, ஒன்பதாம் வாரத்துக்கு: மாரிகெர்கேயிலிருந்து சின்ட்-அமண்ட்ஸ், கடல் ஸ்கெல்டேயின் வலக்கரையில். போய்வர 5, 6 கி.மீ. பெரும்பாலோர் சின்ட்-அமண்ட்ஸில் வண்டியை நிறுத்தித் தொடங்குகிறார்கள். தென்மேற்குக் காற்று நாளில் அது தப்பு, திரும்பும்போது எதிர்காற்று. மாரிகெர்கேயில் தொடங்குங்கள். திரும்பும் புள்ளி தேவாலயத்தருகே ஆற்றைப் பார்த்திருக்கும் கல்லறை: பிரெஞ்சில் எழுதிய கவிஞர் எமில் வெர்ஹாரன் 1855இல் இதே ஊரில் பிறந்தவர், 1916இல் இறந்தார், உடல் 1927இல் இங்கே கொண்டுவரப்பட்டது. ஆறு இங்கே அகன்று வளைகிறது. இந்த நீட்சியில் இதைவிட நல்ல காட்சி கிடையாது என்பது எங்கள் கட்சி.

பத்தாம் வாரத்துக்குப் பிறகு: ஸிங்கெம் ரயில் நிலையத்தில் இறங்கி கவெரே-ஆஸ்பெர் நிலையம் வரை. இரண்டும் ஔடெனார்டே–கென்ட் தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள். மொத்தம் 8, 9 கி.மீ. நிலையத்திலிருந்து கிழக்கே ஆறு வரையிலான தூரத்தை நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆற்றைக் கண்டதும் நீரோட்டத்தோடு இடப்பக்கம், வடக்கே. ஆஸ்பெர் மதகில் நீர்மட்டத்தோடு சேர்ந்து சரக்குப் படகு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நடக்கலாம். கவெரே பாலம் வந்ததும் மேற்கே திரும்பி நிலையத்துக்கு மறுபடி நடை. தென்மேற்குக் காற்று முதுகில் இருக்கும். ரயில்கள் அடிக்கடி இல்லை, வார இறுதியில் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.

கடைசியாக, நடந்தும் ஓடியும் முடிக்க: போர்னெம் நிலையம், வேர்ட் கிராமம், டெம்சே நிலையம். 9 முதல் 11 கி.மீ., வழியைப் பொறுத்து. வேர்ட், பழைய ஸ்கெல்டே என்னும் கைவிடப்பட்ட வளைவுக்கும் இன்றைய ஆற்றுக்கும் இடையே கிடக்கும் ஊர்; வில்லோ மரக் குச்சியில் கூடை முடைவது இந்தப் பகுதியின் பழைய தொழில். அங்கிருந்து எதிர்க்கரை ட்ரீகோட்டனுக்குக் கட்டணமில்லாப் படகு உண்டு. கால் ஒத்துழைக்காவிட்டால் படகு காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள்: குளிர்காலத்தில் நேரம் சுருங்கும், மூடுபனியிலும் பலத்த காற்றிலும் ஓடாது, மறுகரையில் ரயிலும் இல்லை. கரைமேட்டிலேயே வடகிழக்காகப் போனால் டெம்சே பாலம் தூரத்திலிருந்தே தெரியும். தெரிந்ததும் வேகம் கூட்டத் தோன்றும். அது நினைப்பதைவிடத் தள்ளி இருக்கிறது.

இங்கே ஓத வேறுபாடு சராசரியாக 5 மீட்டருக்கு மேல். வற்றும்போது தெரியும் சாம்பல் நிறச் சேறு கெட்டி நிலம் போலத் தோன்றும். முழங்கால் வரை இழுக்கும், இறங்காதீர்கள். 1976 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு வந்த சிக்மா திட்டத்தில் சில இடங்களில் இரட்டைக் கரைமேடுகள் கட்டியிருக்கிறார்கள்: ஆற்றோரம் தாழ்ந்தது ஒன்று, உள்ளே உயர்ந்தது ஒன்று. புயல் ஓதத்தின்போது தாழ்ந்த மேட்டின் மேல் தண்ணீர் வழிந்து உள்ளே நிரம்பும்படியே அது கட்டப்பட்டது. அந்த நாட்களில் தடுப்பு வைத்திருந்தால் பாதை காய்ந்திருந்தாலும் சுற்றிக்கொண்டு உயர்ந்த மேட்டில் ஓடுங்கள்.