ஈரப்புல்லில் விமானத்தை இறக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் ஒரு காலத்தில் பயிற்சி விமானங்கள் வந்து இறங்கின. அதைப் பார்த்து வளர்ந்து, விமானியாகும் ஆசையோடு பயிற்சியில் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தார்ப் பாதையில் பழகியவர்கள் புல் ஓடுபாதைக்கு முதன்முறை போகும்போது தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதில்.

படி 1: பாதையை நடந்து பாருங்கள்

மழையில் மாடுகள் நடந்த களிமண் வெயிலில் காய்ந்தால் குளம்புத் தடம் கல்லாக இறுகிவிடும். மேலே அருகம்புல் படர்ந்துவிட்டால் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. மூக்குச் சக்கரம் அதில் மாட்டினால் அதன் கால் மடங்கி, சுழலும் ப்ரொப்பெல்லர் மண்ணில் மோதும். பிறகு என்ஜினையும் சோதிக்காமல் அந்த விமானத்தைப் பறக்கவிட முடியாது. குதிகாலை அழுத்தி ஊன்றுங்கள். மண் உள்வாங்கினால் அன்று அங்கே இறங்க வேண்டாம்.

படி 2: தாளில் கணக்குப் போடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பயன்படும் சிறிய விமானமான செஸ்னா 172எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முழு எடையோடு, கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், 50 அடி உயரத்தைத் தாண்டி வந்து தார்ப் பாதையில் இறங்கி நிற்க, அதன் கையேட்டின்படி 1,335 அடி, அதாவது 407 மீட்டர் தேவை.

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறிய விமானங்களுக்குச் சொல்லும் பெருக்கல் எண்கள் இவை: காய்ந்த புல்லுக்கு 1.15, ஈரப்புல்லுக்கு 1.35. ஒட்ட வெட்டிய ஈரப்புல் இன்னும் வழுக்கும், அதற்கு 1.6 வரை போகலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் தேவையான தூரம் 5 சதவீதம் கூடும், உயரம் 1,000 அடி கூடினால் இன்னொரு 5 சதவீதம்.

வேலூரின் உயரத்தில் ஒரு புல் ஓடுபாதை இருப்பதாகவும், ஐப்பசி மழை விட்ட காலையில் வெப்பம் 30 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். 407-ஐ 1.35 ஆல் பெருக்கினால் 549 மீட்டர். வெப்பத்துக்கும் உயரத்துக்குமாகச் சுமார் 12 சதவீதம் சேர்த்தால் 615. பாதுகாப்புக்காக அதே ஆணையம் சொல்லும் 1.43 ஆல் பெருக்கினால் 880 மீட்டர்! கையேட்டில் பார்த்த எண்ணைப் போல இரு மடங்குக்கும் மேல். உங்கள் விமானத்தின் கையேடே புல்லுக்கும் வெப்பத்துக்கும் தனி எண் தந்திருந்தால் அதையே முதலில் பயன்படுத்துங்கள்.

படி 3: வேகத்தைக் கட்டுக்குள் வையுங்கள்

407 மீட்டர் என்பது 61 நாட் (மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தால்தான். நிற்கத் தேவையான ஓட்டம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 67 நாட்டில் வந்தால் வேகம் பத்து சதவீதம்தான் கூடுகிறது, ஓட்டமோ இருபது சதவீதம் நீளும். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்ற எண்ணம் ஈரப்புல்லில் ஆபத்தானது.

படி 4: திரும்பி எழும் இடத்தைக் குறியுங்கள்

பாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் ஒரு மரத்தையோ வேலிக்கம்பத்தையோ அடையாளம் வையுங்கள். அதற்குள் சக்கரம் தரையில் பதியாவிட்டால் முழு விசை கொடுத்து மேலே எழுந்துவிடுங்கள். தரையில் பட்டு உயரமாகத் துள்ளினாலும் அதுவே வழி. துள்ளிய விமானத்தை மூக்கை அழுத்தித் தரைக்குக் கொண்டுவரப் பார்த்தால் மூக்குச் சக்கரம்தான் முதலில் மோதும்.

படி 5: இறங்கிய பிறகு

பின்சக்கரங்கள் முதலில் தொடட்டும். கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்தே வைத்து, மூக்குச் சக்கரத்தின் மேல் பாரம் விழாமல் பாருங்கள். பிரேக்கை மெல்ல மெல்லத்தான் அழுத்த வேண்டும். ஈரப்புல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டால் விமானம் சறுக்கும், திசையும் கையில் நிற்காது. ஓரம் கட்டும்போது சேற்றுப் பகுதியில் நிறுத்தாதீர்கள். புதைந்த சக்கரத்தை விடுவிக்க என்ஜின் விசையைக் கூட்டாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு ஆட்களை அழையுங்கள்.