திருகோணமலையிலிருந்து ஸ்ட்ரைட் பியானோவைத் தொழிலாகச் செய்வது எப்படி

இடது கை தாவித் தாவி வாசிக்கும் ஜாஸ் முறையான ஸ்ட்ரைட் பியானோவைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, அது தனி ஆளின் இசை என்பதாகும். 1910களிலும் 1920களிலும் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில், ஜாஸுக்கு முந்திய ராக்டைம் இசையிலிருந்து இந்த முறை வளர்ந்தபோது, வாடகை கட்டச் சிரமப்பட்ட குடும்பங்கள் தம் வீட்டிலேயே விருந்து வைத்து, வருபவர்களிடம் நுழைவுப் பணம் பெற்று, ஒரு பியானோக்காரரை அமர்த்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. சிறிய அறையில் இசைக்குழுவுக்கு இடமுமில்லை, கொடுக்கப் பணமுமில்லை. பாஸ் (கீழ்ச்சுரம்), தாளம், கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), மெட்டு ஆகிய நான்கையும் ஒருவரே இரு கைகளால் தந்து, வந்தவர்களை ஆடவைக்க வேண்டியிருந்தது. திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள சிறிய ஹோட்டல்களின் கணக்கும் இதற்கு வெகுதூரமில்லை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்கத் தயங்கும் உரிமையாளர், ஒருவருக்குக் கொடுக்க அவ்வளவு தயங்கமாட்டார்.

அந்த ஒருவர் குழுவுக்கு ஈடாக ஒலிக்க வேண்டுமென்றால், இடது கைக்கே பெரும்பகுதி நேரத்தைச் செலவிட வேண்டும். நான்கு தாள அடிகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் இடது கை கீழ்ப்பகுதியில் ஒரு தனிச் சுரத்தையோ, அதனோடு அதற்கு மேலுள்ள எட்டாவது அல்லது பத்தாவது சுரத்தையோ அழுத்துகிறது. இரண்டாவதிலும் நான்காவதிலும் நடு ‘சி’யை ஒட்டிய பகுதிக்குத் தாவி ஒரு கோர்ட்டை எடுக்கிறது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அந்தத் தாவலைக் கண்ணால் பார்க்காமல், வேகம் குறையாமல், மணிக்கணக்கில் செய்வதற்குத்தான் ஆண்டுகள் எடுக்கின்றன. அடிகளை ஒலித்துக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, வலது கையை மடியில் இருத்தி, ஒரே பாடலின் கோர்ட் வரிசையை எல்லாச் சுருதிகளிலும் இடது கையால் மட்டும் வாசியுங்கள். கீழ்ச்சுரத்தை அழுத்திய உடனேயே கை அடுத்த இடத்துக்கு மேல் போய்க் காத்திருக்க வேண்டும். அடி வரும் நேரத்தில் தாவினால் எப்போதும் பிந்தியே போய்ச் சேரும். முன்கையில் வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுவதே நல்லது.

பத்தாவது இடைவெளி பலரைப் பயமுறுத்துகிறது. ‘சி’யிலிருந்து அடுத்த எட்டுக்கு அப்பாலுள்ள ‘ஈ’ வரை, கட்டையின் நடுவிலிருந்து நடுவுக்குச் சுமார் 21 சென்ரிமீற்றர் தூரம் இருக்கிறது. கை எட்டாதவர்கள் கீழ்ச்சுரத்தை அடிக்குச் சற்று முன்னரே தொட்டு, மேற்சுரத்தை அடியில் விழுமாறு உருட்டி வாசிக்கலாம்; காதுக்கு அது குறையாகப் படாது. ஹார்லம் பியானோக்காரர் லக்கி ரொபர்ட்ஸின் பெரிய கைகளைப் பற்றிய கதைகளைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை.

கர்நாடக இசை படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வசதியும் ஓர் இடரும் உண்டு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இரண்டு நான்குகளாக உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பவரின் காலப்பிரமாணம் எளிதில் குலையாது. ஆனால் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் அழுத்தம் கொடுத்துப் பழகிய கை, இரண்டாம் நான்காம் அடிகளின் துள்ளலைச் சோம்பலாக விட்டுவிடும். மெட்ரோனோமின் ஒலியை இரண்டாம் நான்காம் அடிகளாக வைத்துக்கொண்டு வாசிப்பது இதற்கு நல்ல மருந்து.

அடிப்படை நிலைத்த பிறகு, ஹார்லம் ஸ்ட்ரைட் வாசிப்பாளர் ஜேம்ஸ் பி. ஜோன்சன் 1921இல் ஒலிப்பதிவு செய்த ‘கரோலினா ஷவுட்’ என்ற துண்டின் பக்கம் போகலாம். அக்காலத்துப் பியானோக்காரர்களுக்கு அதுவே தேர்வுத்தாள்; அதை வாசிக்கத் தெரியாதவர் போட்டிக்கு உட்காரத் துணியமாட்டார். அதன் தொடக்கத்திலேயே இடது கை வழக்கமான ஒன்று விட்டு ஒன்று என்ற ஒழுங்கை உடைத்து, எட்டு அடிகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரிக்கிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது இனிக்கும். பின்னர் ஜாஸில் புகழ்பெற்ற டியூக் எலிங்டன், இளைஞராயிருந்தபோது, பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் துளையிட்ட தாள்ச்சுருளான பியானோ ரோலை மெதுவாக ஓடவிட்டு, தானாக அமிழும் கட்டைகளில் விரல்களை வைத்து அதைக் கற்றார். இன்று கைபேசியில் ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் கேட்கலாம் என்பதால், ஆசிரியர் ஊரில் இல்லை என்ற சாக்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஜோன்சனை அடுத்து அவருடைய மாணவர் ஃபட்ஸ் வாலர் 1929இல் பதிவுசெய்த ‘ஹேண்ட்ஃபுல் ஒஃப் கீஸ்’, பின்னர் வில்லி ‘த லயன்’ ஸ்மித்தின் மென்மையான துண்டுகள் என்ற வரிசை பொருத்தமானது. வேகத்துக்குப் பேர்போன ஆர்ட் டேட்டமை ரசிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தொடக்கத்திலேயே பின்பற்றப் போனவர்கள் வேகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கருவியைப் பொறுத்தவரை, கல்யாண வீடுகளில் பயன்படும் 61 கட்டை கீபோர்ட் போதாது. அதன் கீழ் எல்லை இடது கைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவை வாங்குங்கள், அதில் தானாகத் தாளம் போடும் பொத்தான் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்தப் பொத்தானை அழுத்துகிற நிமிடத்தில் உங்கள் தொழிலுக்கான காரணமே போய்விடுகிறது. கடற்கரைக் காற்றின் உப்பும் ஈரமும் தந்திப் பியானோவின் கம்பிகளைத் துருவேற்றி, மரப்பலகையை ஊதவைத்துச் சுருதியைக் கலைக்கும். ஹோட்டலில் அப்படியொன்று இருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பாருங்கள்.

கேட்பவர்கள் எல்லோரும் வாலரை அறிந்தவர்களாக இருக்கமாட்டார்கள். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் ஒரு பக்கம், கொழும்பிலிருந்து வரும் குடும்பங்கள் மறுபக்கம் இருக்க, இலங்கையின் துள்ளலான ஆட்டப் பாட்டான பைலாவும் பழைய தமிழ்ப் பாடல்களும் கேட்கப்படும். இவற்றை மறுக்க வேண்டாம். சங்கராபரணம், கீரவாணி ராகங்களில் அமைந்த மெட்டுகள், மேற்கத்திய மேஜர், ஹார்மோனிக் மைனர் சுர வரிசைகளோடு பொருந்துவதால், இடது கைக்கு எளிதில் இணங்கும். சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் நிறைந்த தோடி ராகத்தை மட்டும் பியானோவில் தொடாதிருப்பது மரியாதை.

வருமானம் பருவத்தோடு கட்டுண்டது. கிழக்குக் கரையின் சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை; வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் கடற்கரை ஹோட்டல்கள் வெறிச்சோடும். அந்த மழை மாதங்களில் கொழும்பிலும் தென்கரையிலும் பருவம் சூடுபிடிப்பதால், டிசெம்பர் முதல் மார்ச் வரை அங்கே வேலை தேடுவது இயல்பான ஏற்பாடு. இதற்கான ஒலிப்பதிவை ஓகஸ்ட் மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும்: மூன்று துண்டுகள் போதும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது, ஒன்று உள்ளூர்ப் பாடல். கைகள் தெரியுமாறு காணொளியாக எடுத்தால், பின்னணித் தாளம் ஏதுமில்லை என்பதை முகாமையாளர் தம் கண்ணாலேயே காண்பார். ஒப்பந்தத்தில் வாசிக்கும் நேரம், இடைவேளை, இரவுச் சாப்பாடு, மழையால் நிகழ்ச்சி நின்றால் கொடுப்பனவு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும்; மின்சாரம் தடைப்பட்டால் மின்பிறப்பாக்கியின் இணைப்பு மேடைக்கும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட ஒக்டோபரும் நவம்பரும் கற்பிப்பதற்கான மாதங்கள். பெற்றோர் லண்டன் இசைப் பரீட்சைச் சான்றிதழையே எதிர்பார்ப்பார்கள். அதற்குரிய பாடங்களை நேர்மையாகக் கற்பித்து, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இடது கைத் தாவலுக்கு ஒதுக்கலாம். வேறு தொழில் கையில் இருப்பதும் குறைவல்ல. பிற்காலத்துச் சிறந்த ஸ்ட்ரைட் வாசிப்பாளர்களில் ஒருவரான டிக் வெல்ஸ்டூட் சட்டம் படித்து வழக்கறிஞர் தகுதி பெற்றவர். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர்கள் அந்தப் பணியை விட்டுவிட வேண்டாம். வாலரும் ஓர்கன் வாசித்தவரே. ஞாயிறு காலை ஆராதனை, சனி இரவு ஹோட்டல் வேலைக்குக் குறுக்கே வராது, தூக்கம் மட்டும் சற்றுக் குறையும்.